தேம்ஸ் நதிக்கரையின் நான்கு புகைபோக்கிகள்

இலண்டன் மாநகரின் தென்கரையில் பாட்டர்சீ என்னும் பேட்டை உள்ளது. விக்டோரியா இரயில் நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படும் வண்டி தேம்ஸ் நதியைக் கடக்கும்பொழுது, பயணிகளின் பார்வை தானாகவே சன்னல் பக்கம் திரும்பும். செங்கல்லாலாகிய மாபெருங் கட்டடமொன்று. அதன் நான்கு மூலைகளிலும் வெண்ணிறப் புகைபோக்கிகள் நான்கு. கவிழ்த்து வைத்த மேசையின் கால்கள் என்று அவற்றைக் கேலி செய்வோரும் உண்டு. 1933ஆம் ஆண்டு தொடங்கி 1983 வரை ஐம்பது ஆண்டுகள் அக்கட்டடம் நிலக்கரியை எரித்து மின்விசை தந்தது. அடுத்த முப்பது ஆண்டுகள், கூரையையும் இழந்து பாழ்பட்டுக் கிடந்தது. 2023 முதல் அதன் நடுக்கூடத்தில் ஆப்பிள் கம்பெனியின் இலண்டன் அலுவலகம் நடைபெற்று வருகிறது.

உலை எரிந்த இடத்தில் மேசை போட்டு எழுத்து வேலை பார்ப்பது மேலை நாடுகளில் இப்பொழுது புதுமையன்று. நிலக்கரிக் காலத்து மின்நிலையங்கள் பெரும்பாலும் ஆற்றங்கரைகளில் எழுந்தவை. கரி வந்திறங்கவும், நீராவியைக் குளிர்விக்கவும் ஆறு வேண்டியிருந்தது. ஊர் பெருகப் பெருக அவ்விடங்களே நகரின் நடுவிடங்களாயின. நிலையங்கள் ஓய்ந்தபின் நிலத்தின் விலை மட்டும் ஓயவில்லை. நம் நாட்டிலும் இது நிகழாமலில்லை. தில்லியில் யமுனைக் கரையில் நின்ற இந்திரப்பிரஸ்த மின்நிலையம் 2009ஆம் ஆண்டின் முடிவிலும், இராஜ்காட் மின்நிலையம் 2015லும் மூடப்பட்டன. இருப்பினும் ஆயிரங்காத வழிக்கப்பால் உள்ள பாட்டர்சீயை நம் மலருக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதன் கதையில் இந்தியர் ஒருவர் வருகிறார். வேறொரு கடல் கடந்து சென்ற தமிழரின் உழைப்பும் அதில் வருகிறது. அதனை முறையாகப் பின்னர்க் கூறுவோம்.

இலண்டனுக்கு மின்சாரம் வந்த விதம் விந்தையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டு, பேட்டைக்கொரு கம்பெனியும் வட்டாரத்துக்கொரு நகராட்சியுமாக ஆளுக்கொரு சிறு நிலையம் வைத்து மின்சாரம் விற்றனர். ஒரு பேட்டையின் மின்னழுத்தம் அடுத்த பேட்டையில் இல்லை, அலைவெண்ணும் வேறு. வீடு மாற்றிச் செல்பவர் தம் விளக்கையும் விசிறியையும் புதிய இடத்தில் பயன்படுத்தலாகுமா என்று கேட்டறிய வேண்டிய நிலை. பேரரசின் தலைநகரில் இக்குழப்பம் நிலவியது கண்டு பாராளுமன்றம் தலையிட்டது. தனியார் கம்பெனிகள் பல ஒன்றுகூடி 1925இல் இலண்டன் மின்விசைக் கம்பெனி என்ற பெயரில் இணைந்தன. அடுத்த ஆண்டே நாடு முழுவதற்கும் ஒரே மின்கம்பி வலை அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சிறு நிலையங்கள் பலவற்றை மூடிவிட்டுப் பெருநிலையங்கள் சிலவற்றை எழுப்புவதே சிக்கனம் என்பது அக்காலப் பொறியியலாரின் துணிபு. அத்துணிபுக்கு உருவம் கொடுத்தவர் அக்கம்பெனியின் தலைமைப் பொறியாளர் லெனார்டு பியர்ஸ்.

அவர் தேர்ந்தெடுத்த இடம் பாட்டர்சீயில் குடிநீர்க் கம்பெனியொன்றின் பழைய நீர்த்தேக்கங்கள் இருந்த நிலம். 1927இல் செய்தி வெளியானதும் பெருங்கூச்சல் எழுந்தது. பாட்டர்சீ தொழிலாளர் வாழும் பேட்டை; ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் செல்வர் மாளிகைகளும், டேட் ஓவியக் கூடமும், சற்று தூரத்தில் பக்கிங்ஹாம் அரண்மனையும் இருந்தன. கந்தகப் புகை பட்டால் சித்திரங்கள் கெடும், பூங்காக்கள் கருகும், கட்டடக் கற்கள் அரிக்கப்படும் என்று பத்திரிகைகளில் கடிதங்கள் குவிந்தன. பாட்டர்சீ மக்களின் நுரையீரலைக் குறித்து அவ்வளவு கடிதங்கள் எழுதப்பட்டனவா என்பது ஐயத்திற்குரியது. எவ்வாறாயினும், புகையிலுள்ள கந்தகத்தை நீக்கிய பிறகே வெளிவிட வேண்டும் என்ற நிபந்தனையின்மேல் அனுமதி கிடைத்தது. 1929 மார்ச்சில் வேலை தொடங்கிற்று.

இவ்விடத்தில் நம் நாட்டவர் ஒருவரைக் குறிப்பிடாமல் மேற்செல்லலாகாது. அப்பொழுது வட பாட்டர்சீத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர் ஷாபூர்ஜி சக்லத்வாலா. பம்பாயில் 1874இல் பிறந்த பார்சி. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் சகோதரி மகன். இரும்பும் மின்சாரமும் விளைவித்த டாட்டா குடும்பத்தின் மருமகன் தொழிலாளர் இயக்கத்தில் சேர்ந்து, 1922இல் ஒருமுறையும், 1924இல் கம்யூனிஸ்டாக மறுமுறையும் பாட்டர்சீ மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆங்கில ஆட்சி இந்தியாவில் உச்சத்திலிருந்த நாளில், ஆங்கிலத் தொழிலாளர் தம் பேராளராக இந்தியர் ஒருவரை அனுப்பியது எண்ணிப் பார்க்கத் தக்கது. 1926இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்கு ஆதரவாகப் பொது வேலைநிறுத்தம் மூண்டபோது ஹைடு பூங்காவில் ஆற்றிய சொற்பொழிவுக்காக இரண்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். மின்நிலையத்துக்குக் கடைக்கால் தோண்டிய அதே 1929ஆம் ஆண்டில் நடந்த தேர்தலில் தோல்வியுற்றார்.

நிற்க. மின்நிலையம் என்பது இயந்திரங்களுக்குப் போட்ட கொட்டகை என்பதே பொறியாளர் பலரின் எண்ணம். கூச்சலுக்கு அஞ்சிய கம்பெனியார், வெளித்தோற்றத்தைச் செப்பம் செய்யச் சர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட் என்னும் சிற்பியை அழைத்தனர். இவர் தம் இருபத்திரண்டாம் வயதிலேயே போட்டியில் வென்று லிவர்பூல் பேராலயத்தைக் கட்டும் பொறுப்பைப் பெற்றவர். இங்கிலாந்தின் தெருமுனைகளில் நின்ற சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் இவர் படைப்பே. பொறியாளர் வகுத்த அளவுகளை அவர் மாற்றவில்லை. எஃகுச் சட்டத்தின்மேல் போர்த்த செங்கற் சுவரில் ஒளியும் நிழலும் விழுமாறு மடிப்புகளை வகுத்தார். புகைபோக்கிகளுக்குக் கிரேக்கக் கோயில் தூண்களைப்போல் நெடுக வரியோடச் செய்தார். தரையிலிருந்து அவற்றின் உச்சி நூறு மீட்டருக்கும் அதிகம். உள்ளே கட்டுப்பாட்டு அறைக்கு இத்தாலியச் சலவைக்கல் பதித்தனர். நெம்புகோல்களையும் முட்களையும் பார்த்துக்கொண்டு நிற்கும் சிலருக்காக அரசவை போன்ற ஓர் அறை! அக்காலத்தார் மின்சாரத்தின்பால் வைத்திருந்த பக்தி அத்தகையது.

1933இல் மின்விசை ஓடத் தொடங்கியது. அன்று இரண்டு புகைபோக்கிகளே இருந்தன. கிழக்குப் பாதியாகிய இரண்டாம் நிலையத்தின் வேலை 1937இல் தொடங்கி, போரினால் தடைப்பட்டு, நான்காம் புகைபோக்கி 1955இல்தான் முடிந்தது. ஒரே கட்டடமாகத் தோன்றுவது உண்மையில் ஒட்டிப் பிறந்த இரட்டையர். இதற்கிடையில் 1948இல் மின்தொழில் நாட்டுடைமை ஆயிற்று. முழு வலிமை பெற்றபோது அதன் ஆற்றல் 500 மெகாவாட்டுக்குச் சற்று மேல்; இலண்டனுக்கு வேண்டிய மின்விசையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது வழங்கியது.

இவ்வளவுக்கும் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி வேண்டும். வேல்ஸ் நாட்டிலிருந்தும் வடகிழக்குச் சுரங்கங்களிலிருந்தும் கடல்வழியே அது வந்தது. தேம்ஸின் பாலங்கள் தாழ்வானவை. ஆதலின் இக்கரிக்கப்பல்களின் புகைக்குழாயையும் பாய்மரத்தையும் மடக்கிச் சாய்த்துக்கொள்ளுமாறு தட்டையாகக் கட்டினர். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியின் பெயரால் அவற்றை அழைத்தனர். கரையில் நின்ற பளுதூக்கிகள் கரியை வாரிக் கொட்டின.

புகை கழுவும் முயற்சியும் குறிப்பிடத் தக்கது. புகையை ஆற்றுநீரால் கழுவிக் கந்தகத்தைப் பிரிக்கும் ஏற்பாட்டை இவ்வளவு பெரிய அளவில் செய்து பார்த்தது பாட்டர்சீயே. புகைபோக்கிகளின் அடியில் காணும் பருத்த கோபுரங்கள் அதற்காகவே எழுந்தவை. கழுவிய புகை வெண்மையாக வெளிவந்தது. கழுவிய நீரோ தேம்ஸ் நதியிலேயே சேர்ந்தது. வானத்துக் கேட்டை ஆற்றுக்கு மாற்றியதாக முடிந்தது என்று பின்னாளில் குறை கூறினர். குறையில் நியாயம் இல்லாமலில்லை. இதனினும் சிறந்த செயல் வேறொன்று உண்டு. சுழலிகளில் வேலை முடிந்த வெப்பத்தை வீணாக்காமல், வெந்நீராக்கி, ஆற்றின் அடியிலுள்ள சுரங்கவழியில் குழாய் பதித்து, அக்கரையில் பிம்லிகோ பகுதியில் போருக்குப்பின் எழுந்த சர்ச்சில் தோட்டக் குடியிருப்புக்கு 1950 முதல் அனுப்பினர். நகராட்சி கட்டிய வாடகை வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் குளிர்காலத்தில் அதனால் வெப்பம் பெற்றன. மின்நிலையம் மூடியபின்னும் வேறு கொதிகலன்களைக் கொண்டு அத்திட்டம் தொடர்ந்தது.

இடையே ஒரு வேடிக்கை. 1964 ஏப்ரல் 20ஆம் நாள், பி.பி.சி.யார் தம் இரண்டாவது தொலைக்காட்சி நிலையத்தை ஆரவாரத்துடன் தொடங்க இருந்தனர். அன்று மாலை பாட்டர்சீயில் தீப்பிடித்தது. மேற்கு இலண்டன் இருளில் மூழ்கிற்று; தொடக்க விழா நடக்கவில்லை. மறுநாள் ஒளிபரப்பில் அறிவிப்பாளர் மெழுகுவர்த்தி ஒன்றை ஊதி அணைத்துவிட்டுச் செய்தியைத் தொடங்கினார்.

இயந்திரங்களும் முதுமை அடைவன. முதல் நிலையம் 1975இல் மூடப்பட்டது. இடித்துவிடுவார்களோ என்ற அச்சத்தால் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1980இல் அரசாங்கம் அதனைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. 1983 அக்டோபர் 31ஆம் நாள் இரண்டாம் நிலையமும் ஓய்ந்தது. இடிக்கவும் கூடாது, எரிக்கவும் ஒன்றுமில்லை. பிறகு அதனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இவ்வினாவுக்கு விடை காண முப்பது ஆண்டுகள் சென்றன. முதலில் வந்தவர் ஜான் புரூம். கேளிக்கைப் பூங்கா ஒன்றை நடத்திப் பெயர் பெற்றவர். மின்நிலையத்தையும் அவ்வாறே கேளிக்கைக் கூடமாக்க எண்ணி 1987இல் 15 இலட்சம் பவுனுக்கு வாங்கினார். 3½ கோடி பவுனில் முடியும் என்றிருந்த மதிப்பீடு 1989 சனவரிக்குள் 23 கோடியை எட்டியது. மார்ச்சில் வேலை நின்றது. அதற்குள் பழைய இயந்திரங்களை வெளியே தூக்குவதற்காகக் கூரையையும் மேற்குச் சுவரையும் பிரித்துவிட்டிருந்தனர். ஐம்பது ஆண்டுக் கரிப்புகையும் போர்க்காலக் குண்டுகளும் செய்யாத கேட்டை இந்த ஒரு செயல் செய்தது. எஃகுச் சட்டங்கள் மழையில் நனைந்து துருவேறின. அடித்தளத்தில் நீர் தேங்கிற்று. பைரி என்னும் வல்லூறு இணையொன்று அங்கே குடிபுகுந்து குஞ்சு பொரித்தது. அடுத்து ஹாங்காங் கம்பெனியொன்று 1993இல் வாங்கிப் பல படங்கள் வரைந்து காட்டிவிட்டு 2006இல் 40 கோடி பவுனுக்கு அயர்லாந்து கம்பெனியொன்றிடம் விற்றது. அவர்கள் கடனில் மூழ்கவே 2011இல் அதுவும் கடன்காரர் கைக்குச் சென்றது. செல்சீ கால்பந்துக் கழகத்தார்கூட அங்கே விளையாட்டரங்கம் கட்ட விண்ணப்பித்தனர். வாங்கியவர் ஒவ்வொருவரும் கட்டடத்தைப் புகழ்ந்தனர். ஒருவரும் கூரை போடவில்லை. ஆனால் நிலத்தின் விலை மட்டும் கைமாறுந்தோறும் ஏறியது.

2012இல் 40 கோடி பவுன் கொடுத்து வாங்கியவர்கள் மலேசிய நாட்டார் மூவர்: எஸ்.பி. செத்தியா, சைம் டார்பி ஆகிய கம்பெனிகள் நூற்றுக்கு நாற்பது பங்கு வீதமும், அந்நாட்டு ஊழியர் சேமநலநிதி எஞ்சிய இருபது பங்கும் ஏற்றனர். பழைய ஆளும் நாட்டின் தலைநகரில் முன்னாள் குடியேற்ற நாட்டார் நிலம் வாங்கியதை அன்று பத்திரிகைகள் வியந்து எழுதின. தமிழராகிய நாம் அவ்வியப்போடு நின்றுவிட முடியாது. இப்பணத்தின் ஊற்றுக்கண் எங்கே என்று சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

மலாயா நாட்டில் பெருவாரியாக ரப்பர் பயிரிட்ட ஆங்கிலக் கம்பெனிகளுள் கத்ரி கம்பெனி தொன்மையானது. 1821இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்றது. அத்தகைய கம்பெனிகளின் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிச் சென்றவர் யாவர் என்பதை நாம் அறிவோம். தஞ்சை, திருச்சி, தென்னார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் திரட்டிச் சென்ற ஏழை மக்கள் அவர்கள். காடழித்து, இருள் பிரியுமுன் எழுந்து மரம் சீவிப் பால் எடுத்தனர். அவர்தம் உழைப்பின் இலாபம் இலண்டன் பங்குச்சந்தையில் பங்குதாரர்களுக்குப் பங்கீடாகச் சென்றது. அவ்விலாபத்தில் விளைந்த இலண்டன் செல்வத்தில், பாட்டர்சீ மின்சாரத்தால் விளக்கேற்றிய வீடுகளும் அலுவலகங்களும் அடங்கும் எனக் கூறுவது மிகையன்று.

மலேசியா விடுதலை பெற்றபின் அரசு நிறுவனமான பெர்மொடாலான் நேஷனல், 1981 செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் பங்குச்சந்தை திறந்த சில மணி நேரத்திற்குள் கத்ரியின் பங்குகளை வாங்கிக் குவித்து அக்கம்பெனியைத் தன்வயமாக்கிக்கொண்டது. விடியற்காலைப் பாய்ச்சல் என்று வணிக உலகம் இன்றும் அதனைக் கூறும். 2007இல் கத்ரியும், கோல்டன் ஹோப் என்ற மற்றொரு தோட்டக் கம்பெனியும் சைம் டார்பியுடன் இணைக்கப்பட்டன. தோட்டங்கள் கைமாறின, தோட்டத் தமிழரின் நிலை அவ்வாறு மாறிற்றா? ரப்பர் நிலங்கள் பல நகர்மனைகளாக மாற்றப்பட்டன. கோலாலம்பூருக்கு அருகே சீபீல்டு தோட்டம் இருந்த நிலத்தில் இன்று சுபாங் ஜெயா என்னும் புதுநகரம் நிற்கிறது. மூன்று தலைமுறையாகத் தோட்ட லயன்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல, வேலையோடு வீட்டையும், அதனோடு கோயிலையும் தமிழ்ப் பள்ளியையும் இழந்து நகரின் ஓரங்களுக்குப் பெயர்ந்தன. தோட்ட நிலத்தில் மனை வகுத்துப் பெற்ற பழக்கமும் பொருளுமே, 2012இல் தேம்ஸ் நதிக்கரையில் 42 ஏக்கரில் மனை வகுக்கத் துணை நின்றன.

சேமநலநிதியின் செய்தி இதனினும் நேரானது. 1951இல் சட்டத்தினால் ஏற்பட்ட அந்நிதி, நம் நாட்டுப் பிராவிடண்டு பண்டு போன்றதே. மாதந்தோறும் ஊழியர் கூலியில் ஒரு பகுதியும் முதலாளி தரும் ஒரு பகுதியும் அதிற் சேரும். தோட்டத் தொழிலாளரும் அதன் உறுப்பினர். பால்மரம் சீவியவரின் முதுமைக்கால முதலும் கலந்த பணம் பாட்டர்சீயின் செங்கற் சுவருக்குள் சென்றிருக்கிறது.

இனிக் கட்டட வேலைக்கு வருவோம். 2013இல் தொடங்கிய இப்பணிக்கு வில்கின்சன் ஐர் என்ற சிற்பக் குழுவினர் பொறுப்பேற்றனர். அலுவலகமாக மாற்றுவதற்கு மின்நிலையத்தைப் போலக் கடினமான கட்டடம் வேறொன்று இராது. ஏனெனில் அதனுள் மாடிகளே இல்லை. கொதிகலன் கூடம் என்பது அடிமுதல் முடிவரை ஒரே வெற்றிடம். கொதிகலன்கள் அகன்றபின் எஞ்சுவது நான்கு சுவரும் வானமுமே. பழைய சுவர்களுக்குள், அவற்றின்மேல் பாரம் ஏற்றாமல், தன் காலில் நிற்கும் மற்றொரு கட்டடத்தையே எழுப்ப வேண்டியதாயிற்று. செங்கற்கள் பழுதுபட்ட இடங்களுக்குப் பதினேழு இலட்சத்திற்கு மேற்பட்ட புதுச் செங்கற்கள் வேண்டியிருந்தன. பழைய நிறமும் அளவும் பிசகாதிருக்க, முதற் கட்டடத்துக்குச் செங்கல் தந்த சூளைக்காரர்களையே தேடிப் பிடித்தனர்.

புகைபோக்கிகளைப் பற்றிய வழக்குத்தான் பெரிது. கம்பியிட்ட கான்கிரீட்டாலான அவை உள்ளே துருப்பிடித்து வெடித்திருந்தன. இடித்துவிட்டு அதே வடிவில் புதிதாகக் கட்டலாம் என்றனர் உரிமையாளர். பழுது பார்த்தே காக்கலாம், இடித்தபின் கட்டாமல் விட்டுவிட்டால் யார் கேட்பது என்றனர் பழமை பேணுவோர். இருபதாண்டுகளாக ஏமாந்தவர்களுக்கு அந்த ஐயம் எழுந்தது இயல்பே. இறுதியில், மறுகட்டுமானத்திற்கு வேண்டிய தொகையை ஈடாக ஒதுக்கி வைக்கச் செய்து நகராட்சி அனுமதி தந்தது. 2014இல் ஒன்றை முதலில் இறக்கி மீண்டும் எழுப்பத் தொடங்கினர். மற்றவை அதைத் தொடர்ந்தன. முன்னோர் செய்தவாறே கலவையைத் தள்ளுவண்டியில் கொண்டுசென்று கையால் வார்த்தனர். 2017இல் நான்கும் நிறைவுற்றன. ஆகவே இன்று இலண்டன் மக்கள் பெருமையோடு காட்டும் அப்புகைபோக்கிகள் பத்தாண்டுகூட முதிராதவை. நம் ஊர்க் கோயில்களில் சிதைந்த கோபுரத்தை இறக்கிப் புதிதாகக் கட்டிக் குடமுழுக்குச் செய்கிறோம். கோபுரம் போயிற்று என்று யாரும் சொல்வதில்லை. அக்கண்கொண்டு பார்த்தால் பாட்டர்சீக்காரர் செய்தது தவறாகத் தோன்றவில்லை. வேலை நடந்த காலத்தில் வல்லூறு இணைக்கெனத் தனிக் கோபுரமொன்று நிறுவிக்கொடுத்தனர் என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும்.

2016இல் ஆப்பிள் கம்பெனி கொதிகலன் கூடத்தின் ஆறு மாடிகளை, ஏறத்தாழ ஐந்து இலட்சம் சதுர அடி, வாடகைக்கு எடுப்பதாக அறிவித்தது. நகரின் பல இடங்களில் சிதறியிருந்த அதன் ஊழியர் 1,400 பேரை ஒரே கூரையின்கீழ் கூட்டுவது நோக்கம். 2021 செப்டம்பரில் பாதாள இரயில் பாட்டர்சீ வரை நீண்டது. 2022 அக்டோபர் 14ஆம் நாள் கட்டடம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சுழலிக் கூடங்கள் இரண்டிலும் கடைகள். இரண்டாம் கட்டுப்பாட்டு அறை மதுவிடுதியாயிற்று. வடமேற்குப் புகைபோக்கியினுள் கண்ணாடிக் கூண்டொன்று பார்வையாளரை 109 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிச் சென்று ஊரைக் காட்டி இறக்குகிறது. சலவைக்கல் பதித்த முதற் கட்டுப்பாட்டு அறை, நெம்புகோல்களோடும் முட்களோடும் துடைத்து மெருகிடப்பட்டு, விருந்துகளுக்கு வாடகைக்குக் கிடைக்கிறது.

குறையும் உண்டு. சுற்றியெழும் நாலாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் 636 வீடுகளை எளிய வருவாயினர் வாங்கத்தக்க விலையில் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த உரிமையாளர், செலவு மிகுந்துவிட்டதென்று காரணங்காட்டி 2017இல் அதனை 386 ஆகக் குறைத்துக்கொள்ள நகராட்சியின் இசைவைப் பெற்றனர். அவையும் ஆற்றை நோக்கிய இடத்தில் அல்ல. சற்று அப்பால் வேறொரு நிலத்தில். சக்லத்வாலாவைத் தேர்ந்தெடுத்த தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் தம் பேட்டையின் புதுத்தெருக்களில் நடக்கலாம். குடியிருக்க வருவாய் போதாது. முற்காலத்தில் இந்நிலையம் தன் கழிவு வெப்பத்தைக் கொண்டே நகராட்சி வீடுகளைக் காத்ததை எண்ணும்போது இது உறுத்தவே செய்கிறது.

இதே வேலை அமெரிக்காவில் சிறிய அளவில் வேறு விதமாக முடிந்திருக்கிறது. மிச்சிகன் மாநிலத் தலைநகராகிய லான்சிங்கில் கிராண்டு ஆற்றங்கரையில், ஊராரே உடைமையாளராயிருந்த நீர்-மின் வாரியம் 1930களின் இறுதியில் ஒரு மின்நிலையம் கட்டியது. நிலக்கரி எரியும் விதத்தையே சுவரில் காட்ட எண்ணி, அடியில் கரிய கல்லும், மேலே செல்லச் செல்லச் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று வெளிறும் செங்கற்களுமாக அடுக்கினர். 1989இல் மின்னாக்கம் நின்றது. அவ்வூர்க் காப்பீட்டு நிறுவனமொன்று 2007இல் முன்வந்து, 18 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, 2011இல் அதனைத் தன் தலைமை அலுவலகமாக்கிக்கொண்டது. வேலையிடத்தில் விபத்துக்குள்ளாகும் தொழிலாளருக்கு ஈட்டுத்தொகை வழங்குவது அந்நிறுவனத்தின் தொழில். நான்காண்டில் முடிந்த வேலை. ஊர்க்காரர் வாங்கி, ஊரிலேயே வைத்துக்கொண்டனர். புகழ் பாட்டர்சீக்குப் போயிற்று. நடைமுறை அறிவு லான்சிங்காரரிடம் இருந்தது என்பதே என் கருத்து.

பாட்டர்சீயில் கடைகளும் அலுவலகங்களும் அடங்கிய மின்நிலையப் பகுதியை மட்டும் பெர்மொடாலான் நேஷனலும் ஊழியர் சேமநலநிதியும் சேர்ந்து ஏறத்தாழ 158 கோடி பவுனுக்குத் தனியே வாங்கிக்கொள்ள 2018இல் உடன்பட்டு, அடுத்த ஆண்டு அதனை முடித்தன. 1981இல் கத்ரியை வாங்கியது எந்த நிறுவனமோ அதுவே இது. கொதிகலன் கூடத்தின் வாடகையில் ஒரு பங்கு இவ்வாறு கோலாலம்பூருக்குச் சென்று, மலேசிய ஊழியர்களின் சேமிப்புக் கணக்கில் ஆண்டுதோறும் வரவு வைக்கும் பங்கீட்டில் சேர்கிறது. அக்கணக்குகளில் பேராக்கிலும் கெடாவிலும் இன்றும் தோட்ட வேலை பார்க்கும் தமிழர் கணக்குகளும் உள்ளன.